மூன்றாம் மாடியிலிருந்து தரைத்தளம் வரை

போன மாதம் அத்தான் ஐ.சி.யூ.வில் இருந்தார். 78 வயது, நிமோனியா. மூச்சுத் திணறல் அதிகமாகி, தொண்டையில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்திருந்தார்கள். அக்கா மகன் போன் செய்ததும் இரவு பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். ஓய்வு பெற்ற நர்ஸ் என்பதால் எங்கள் குடும்பத்தில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். அங்கே போன பிறகு நான் வாயைத் திறந்தால் யாருக்கும் பிடிக்காது என்பது வேறு விஷயம்.

மறுநாள் இரவு எட்டு மணி இருக்கும். டியூட்டி மாறுகிற நேரம். நானும் அக்கா மகனும் ஐ.சி.யூ. வாசலில் நின்றிருந்தோம். கதவு திறந்தது. அத்தானை ஸ்ட்ரெச்சரில் வெளியே கொண்டுவந்தார்கள். ஒரு வார்டு பாய் தள்ளினார். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுச் செவிலியர் ஒருத்தி பக்கத்தில் நடந்தபடியே அம்பு பையை அமுக்கிக்கொண்டிருந்தாள். சிறிய ஆக்சிஜன் சிலிண்டர் அத்தானின் இரண்டு கால்களுக்கும் நடுவில் படுத்திருந்தது.

"எங்க கொண்டு போறீங்க?" என்றேன்.

"சி.டி. ஸ்கேன் மேடம். கிரவுண்ட் ஃப்ளோர். உடனே வந்துடுவோம்."

வார்டு பாய் அக்கா மகனைப் பார்த்து, "சார், லிஃப்ட்ல ஏத்தும்போது இந்தச் சிலிண்டர் உருளாம கொஞ்சம் பிடிச்சுக்குங்க" என்றார். அவனும் பிடித்துக்கொண்டான். பெங்களூரில் கணினிக் கம்பெனியில் வேலை பார்க்கிறவன் அவன். அந்தச் சிலிண்டரைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்?

நான் சிலிண்டரின் முள்ளைப் பார்த்தேன். 40-இல் நின்றது. ரத்த அழுத்த மருந்து ஏறிக்கொண்டிருந்த பம்ப்பைப் பார்த்தேன். பேட்டரி விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

"டாக்டர் யாரும் கூட வரலையாம்மா?"

அக்கா மகன் என் கையைப் பிடித்தான். "சித்தி, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. அவங்களுக்குத் தெரியாதா?"

அவன் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆஸ்பத்திரியில் எல்லாம் தெரிந்த மாதிரி பேசும் சொந்தக்காரர்களை 33 வருடம் சமாளித்தவள் நான். அப்படிப்பட்டவர்களைக் கண்டால் எனக்கே எரிச்சல் வரும். ஆனாலும் அன்று நான் சும்மா இருக்கவில்லை. ஏன் என்று சொல்ல 1996-க்குப் போக வேண்டும்.

அப்போது ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், தலைக்காயப் பிரிவில் எனக்கு இரவு டியூட்டி. பைக்கில் போய் லாரியில் மோதிய பையன் ஒருவன், வயது 22. தொண்டையில் குழாய். நினைவு இல்லை. இரவு இரண்டு மணிக்கு ஒரு பக்கக் கண்மணி விரிய ஆரம்பித்ததால், மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். ஸ்கேன் அறை வளாகத்தின் இன்னொரு கட்டடத்தில். நான், பையை அமுக்க ஒரு ஹவுஸ் சர்ஜன், ஸ்ட்ரெச்சர் தள்ள எம்.என்.ஏ. அண்ணன், கூடவே பையனின் அப்பா. இவ்வளவுதான் எங்கள் படை. பல்ஸ் ஆக்சிமீட்டர் வார்டில் ஒன்றே ஒன்று இருந்தது. அது மற்ற நோயாளிகளுக்கு வேண்டும் என்று விட்டுவிட்டுப் போனோம்.

லிஃப்ட்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். அவர் வரும்வரை நின்றோம். ஸ்கேன் அறைக்குப் போனால் மேஜையில் வேறொரு நோயாளி. முன்கூட்டியே போன் செய்து கேட்கவில்லை. வராந்தாவில் மறுபடி நின்றோம். ஹவுஸ் சர்ஜன் தம்பி பையை அமுக்கிக்கொண்டே இருந்தார். பை நன்றாக உப்பியது, நெஞ்சும் ஏறி இறங்கியது. நான் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"சிஸ்டர், பையன் உதடு ஏன் இப்படி இருக்கு?" என்று அவன் அப்பாதான் கேட்டார்.

நீலம். சிலிண்டர் தீர்ந்து எவ்வளவு நேரம் ஆனதோ எங்களில் யாருக்கும் தெரியாது. அம்பு பையின் குணம் அது. ஆக்சிஜன் வந்தாலும் வராவிட்டாலும் தானாகவே உப்பும். வெளிக்காற்றை இழுத்துக்கொண்டு ஒழுங்காக வேலை செய்கிற மாதிரியே காட்டும். ஸ்கேன் அறையில் ஒரு சிலிண்டர் இருந்தது. அதைத் திறக்கும் சாவி அங்கே இல்லை. எங்கள் சாவி வார்டில். ஓடினேன். அந்த வராந்தாவின் நீளம் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பையன் இரண்டு நாள் கழித்து இறந்துபோனான். காயமே பெரியது. அந்தச் சில நிமிடங்கள் இல்லாவிட்டால் பிழைத்திருப்பான் என்று என்னால் சொல்ல முடியாது, பிழைத்திருக்க மாட்டான் என்றும் சொல்ல முடியாது. கேஸ் ஷீட்டில் தலைக்காயம் என்று எழுதப்பட்டது. வராந்தாவில் நடந்ததை எழுத அதில் இடம் இல்லை, நாங்களும் எழுதவில்லை. உடலை வாங்கிக்கொண்டு போகும்போது அந்த அப்பா என்னைத் தேடி வந்து, "என் பிள்ளைக்காக அன்னைக்கு அப்படி ஓடுனீங்களே தாயி" என்று கும்பிட்டார். முள்ளைப் பார்க்காமல் கிளம்பியது நான்தான் என்று அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. இத்தனை வருடம் கழித்து இங்கேதான் எழுதுகிறேன்.

இப்போது என் கருத்தைச் சொல்கிறேன். ஆபத்தான நிலையில் உள்ள நோயாளியை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவதை நம் ஆஸ்பத்திரிகள் தள்ளுவண்டி வேலையாகவே நினைக்கின்றன. அது ஒரு சிகிச்சை. அறுவை சிகிச்சைக்கு எப்படி ஒரு பொறுப்பாளரும், ஒரு பட்டியலும், "இப்போது வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரமும் இருக்கின்றனவோ, அதே மூன்றும் இதற்கும் வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். 2008-இல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. அதற்கு முன் விபத்தில் அடிபட்டவரை ஆட்டோவிலும் டெம்போவிலும் அள்ளிப் போட்டுக்கொண்டு வருவார்கள். இன்று ஏதோ ஒரு கிராமத்திலிருந்து 30 கிலோமீட்டர் வருகிற நோயாளிக்குக்கூட வண்டிக்குள் ஆக்சிஜன் இருக்கிறது, கருவிகள் இருக்கின்றன, பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார். அதே நோயாளியை மூன்றாம் மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு, 200 மீட்டர் கொண்டுபோகும்போது கூட வருவது யார்? அன்றைக்கு யார் கை ஓய்வாக இருந்ததோ அவர். வெளியே இருக்கும் சாலையைச் சரிசெய்துவிட்டு உள்ளே இருக்கும் வராந்தாவை மறந்துவிட்டோம்.

படுக்கையில் அசையாமல் இருக்கும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். நகர்த்தும்போதுதான் வினை. ஸ்ட்ரெச்சரிலிருந்து ஸ்கேன் மேஜைக்கு மாற்றும் அந்த ஒரு தூக்கலில் தொண்டைக் குழாய் இரண்டு சென்டிமீட்டர் வெளியே வந்துவிடலாம், அல்லது உள்ளே போய் ஒரு நுரையீரலுக்கு மட்டும் காற்று போகலாம். ரத்த அழுத்த மருந்து ஏறும் ஊசிக்குழல் தீர்ந்து, புதியதை மாற்ற ஓரிரு நிமிடம் ஆனாலும் அழுத்தம் சடசடவென்று இறங்கும். தலைக்காயக்காரருக்குப் பதற்றத்தில் பையை வேகவேகமாக அமுக்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டே கெடுதல் செய்வோம். நெஞ்சில் வடிகுழாய் உள்ளவரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது, பாட்டில் சாய்ந்துவிடும் என்று பயந்து குழாயைக் கிளிப் போட்டு அடைத்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன். நுரையீரலிலிருந்து காற்று கசிந்துகொண்டிருந்தால் அது வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சேர்ந்து இதயத்தை அழுத்தும். பாட்டிலை நெஞ்சு மட்டத்துக்குக் கீழே தொங்கவிட்டால் போதும்.

இவற்றில் எதற்கும் கோடி ரூபாய்க் கருவி தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். கிளம்புவதற்கு முன் ஐந்து நிமிடம் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

சிலிண்டர் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் கையால் தூக்கக்கூடிய பி டைப் சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ பத்து லிட்டர் தண்ணீர் பிடிக்கும் அளவு. முள் காட்டும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் உள்ளே எத்தனை லிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது என்று தெரிந்துவிடும். முழுதாக நிரம்பி 150 காட்டினால் 1500 லிட்டர். அத்தானின் சிலிண்டரில் முள் 40. ஆக 400 லிட்டர். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் என்றால் நாற்பது நிமிடம். போய், எடுத்து, வர எல்லாம் சரியாக நடந்தாலே நாற்பது நிமிடம் ஆகும். லிஃப்ட் நின்றால்? முன்னால் ஒருவர் மேஜையில் இருந்தால்? அமெரிக்காவின் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் 2004-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தேவையான அளவுக்கு மேல் அரை மணி நேரத்துக்கான ஆக்சிஜன் கையிருப்பில் இருக்க வேண்டும் என்கிறது. குறைந்தது இரண்டு பேராவது கூடப் போக வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தக் கணக்குப்படி அன்று முள் 70-க்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பெருக்கல்தான் இது. ஆனால் 1996-இல் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானாகப் பிறகு தேடிப் படித்துக்கொண்டேன்.

சிலிண்டரைச் சொந்தக்காரர் கையில் கொடுக்கும் பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2018 ஜனவரியில் மும்பையில் ஒரு மருத்துவமனையில், உறவினரை எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூட்டிப்போன 32 வயது இளைஞர், ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குள் போனார். எம்.ஆர்.ஐ. காந்தம் இருபத்துநாலு மணி நேரமும் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். சிலிண்டரோடு சேர்த்து அவரையும் இழுத்தது. அவர் இறந்துபோனார். நோயாளிக்குத் துணையாக வந்தவர். ஆள் போதவில்லை என்றால் சொந்தக்காரர் கையில் பையைக் கொடு, சிலிண்டரைக் கொடு என்கிற பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

"எல்லாம் சரி சிஸ்டர், ஆள் எங்கே?" என்று என்னோடு வேலை பார்த்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நான் அந்தப் பையனோடு போன இரவில், வார்டில் மற்ற எல்லா நோயாளிகளையும் ஒரே ஒரு சிஸ்டர்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவரைக் காப்பாற்றப் போனால் மற்றவர்களை விட்டுவிட்டுப் போக வேண்டும். அதனால்தான் எல்லோரும் அவசரப்படுகிறோம், அவசரத்தில் முள்ளைப் பார்க்க மறக்கிறோம். இது அந்தந்தச் செவிலியரின் அக்கறைக் குறைவு என்று நினைத்துத் திட்டுவதில் பயனில்லை. பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒவ்வொரு ஷிஃப்டிலும் நோயாளியை நகர்த்துவதற்கென்றே பயிற்சி பெற்ற ஒரு செவிலியரும் ஒரு பணியாளரும் இருக்க வேண்டும். சிறிய ஆஸ்பத்திரியில் அது முடியாதென்றால், யார் போவது என்று ஷிஃப்ட் தொடங்கும்போதே பெயர் எழுதி வைக்கட்டும்.

ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்களுக்கும் பயிற்சி கொடுங்கள், மரியாதையும் கொடுங்கள். என்னோடு இருந்த எம்.என்.ஏ. அண்ணன் ஒருவர் எட்டாம் வகுப்புத்தான் படித்தவர். நோயாளியைத் தொடுவதற்கு முன் வெறுங்கையோடு ஒருமுறை போகிற வழி முழுக்க நடந்துவிட்டு வருவார். வராந்தாவில் கிடக்கும் சாப்பாட்டு வண்டியைத் தள்ளி வைப்பார், லிஃப்ட்காரரிடம் சொல்லி வைப்பார். பழைய கட்டடத்தின் சாய்தளத்தில் இறங்கும்போது கால் முன்னால், ஏறும்போது தலை முன்னால் என்று ஒருநாளும் மாற்றமாட்டார். தலை எப்போதும் மேட்டில் இருக்க வேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தராமலே தெரியும். அவரிடம் நான் கற்றது அதிகம்.

பட்டியல் என்றால் டாக்டர்கள் சிலர் சிரிப்பார்கள். நான் 1996-க்குப் பிறகு ஒரு அட்டையில் எழுதி ஸ்ட்ரெச்சர் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். சிலிண்டர், சாவி, பை, பம்ப் பேட்டரி, குழாயின் அளவு, ஸ்கேன் அறைக்குப் போன் என்று ஆறு வரி. "என்ன சிஸ்டர், மளிகைக் கடைச் சீட்டா?" என்று கேலி செய்தார் ஒரு டாக்டர். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை சிகிச்சைக்கென்று 19 வரிப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. இப்போது பெரிய பெரிய சர்ஜன்களே கத்தியை எடுப்பதற்கு முன் அதை வாய்விட்டுப் படிக்கிறார்கள். மளிகைச் சீட்டு இல்லாமல் கடைக்குப் போனால் உப்பை மறந்துவிட்டு வருகிறவர்கள்தானே நாம் எல்லோரும்?

பட்டியலைவிட முக்கியமானது முதல் கேள்வி. இப்போது போயே ஆக வேண்டுமா? ஸ்கேனைப் பார்த்து சிகிச்சை மாறப்போகிறதா? படுக்கையிலேயே எக்ஸ்-ரே, அல்ட்ராசவுண்ட் எடுத்தால் போதாதா? இதைக் கேட்கும் உரிமை கூடப் போகும் செவிலியருக்கு வேண்டும். கேட்டதற்காக அவள் திட்டு வாங்கக் கூடாது. சில நேரம் போயே ஆக வேண்டும். 1996-இல் அந்தப் பையனுக்கு ஸ்கேன் அவசியம்தான். எங்கள் தவறு போனது இல்லை. போன விதம்தான்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரியில் சண்டை போடாதீர்கள். பையை அமுக்கிக்கொண்டிருப்பவரின் கவனத்தைக் கலைக்காதீர்கள். ஸ்கேனுக்குக் கொண்டுபோகப் போகிறோம் என்று சொன்னதும், கிளம்புவதற்கு முன்பே பணிவாக நான்கு கேள்வி கேளுங்கள்:

1. இந்தப் பரிசோதனை இன்றைக்கே அவசியமா, படுக்கையிலேயே செய்ய வழி உண்டா?
2. கூட யார் வருகிறார்கள்? குழாய் கழன்றால் திரும்பப் போடத் தெரிந்தவர் வருகிறாரா?
3. சிலிண்டரும் பம்ப் பேட்டரியும் போக வர எவ்வளவு நேரம் தாங்கும்?
4. அங்கே மேஜை காலியாக இருக்கிறதா?

சிலிண்டரைப் பிடிக்கச் சொன்னால், "எனக்குத் தெரியாது, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

அன்றைக்கு அத்தானுக்கு என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? அந்தப் பெண் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு முள்ளைப் பார்த்தாள். "அண்ணா, திருப்புங்க" என்று வார்டு பாயிடம் சொல்லி உள்ளே கொண்டுபோய் வென்டிலேட்டரில் மாட்டிவிட்டாள். டியூட்டி டாக்டர் வெளியே வந்து என்னை முறைத்தார். அப்புறம் பெரிய டாக்டருக்குப் போன் போட்டார். இரவு படுக்கையிலேயே எக்ஸ்-ரேயும் அல்ட்ராசவுண்டும் எடுத்தார்கள். மறுநாள் காலை மயக்க மருந்து டாக்டர் கூட வர, நிரம்பிய சிலிண்டர் ஸ்டாண்டில் வர, மானிட்டர் கண் முன்னால் ஓட, அத்தான் ராஜா மாதிரி ஸ்கேனுக்குப் போய்த் திரும்பினார். மூன்று வாரத்தில் வீட்டுக்கும் வந்துவிட்டார். காபியில் சர்க்கரை போதவில்லை என்று இப்போது அக்காவிடம் வழக்கு.

அந்த முதல் இரவில் என் பேச்சால் ஒரு உயிர் பிழைத்தது என்று நான் சொல்லவில்லை. அப்படியே போயிருந்தாலும் ஒன்றும் ஆகாமல் திரும்பியிருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் திரும்பி வருகிறார்கள். அதனால்தான் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அவள் டியூட்டி முடிந்து, கைப்பையை மாட்டிக்கொண்டு போகிற வழியில் என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் செய்தது சரிதானா என்ற சங்கடம் எனக்கு. அவளுக்கு என் மேல் கோபம் இருக்கும் என்று நினைத்தேன்.

"மேடம், முள்ளைப் பார்த்ததும் ஏதோ கணக்குப் போட்டீங்களே. அதை எனக்குச் சொல்லித் தர்றீங்களா?"

மருந்துக் கடை பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். முள் பெருக்கல் பத்து, வகுத்தல் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர். அதில் முப்பது நிமிடத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார். அவள் அதை மடித்து அடையாள அட்டையின் உறைக்குள் வைத்துக்கொண்டு லிஃப்டை நோக்கிப் போனாள்.